காம்பு இல்லாத காய்

அவளுக்கு மூக்கின்மேல் கோபம் என்று தோப்பில் எல்லோரும் சொல்வார்கள். அது சரியில்லை. மூக்கிலிருந்து கோபம் வாய்க்கு இறங்கிவரக் கொஞ்சம் நேரமாவது ஆகும் அல்லவா, அந்த நேரத்தைக்கூட அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. காம்புக்காரி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். மரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு மாங்காய்க்கும் மூன்று விரல் நீளத்துக்குக் காம்பு இருக்க வேண்டும். இல்லாத காயை அவள் கூடையில் சேர்க்கமாட்டாள். சேர்த்தவனை அன்று முழுக்க நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டாள்.

காம்புக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறவர்கள் மாங்காயைக் கடையில் மட்டும் பார்த்தவர்கள். காம்போடு ஒரு காய் வந்தால், அது கத்தியில் வெட்டுப்பட்டு வலைக்குள் விழுந்த காய் என்று அர்த்தம். காம்பு இல்லாமல் வந்தால், தரையில் விழுந்த காய். விழுந்த காய் அன்றைக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நான்கைந்து நாள் கழித்துப் பழுக்கும்போதுதான் தோலுக்குள் கறுக்கும். அதற்குள் அது லாரி ஏறி, ஊர் தாண்டி, யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்கும். யார் கையில் அடிபட்டது என்று அப்புறம் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

அவள் புருஷனுக்கு ஏணி என்று பெயர். ஆள் குள்ளம், வாழ்நாளில் ஏணியைத் தொட்டதும் கிடையாது. வெறும் கையும் இடுப்புக் கயிறுமாக மூன்று மாடி உயரத்துக்கு ஏறிவிடுவார். தோப்பில் மற்ற மரங்களையெல்லாம் தலையை வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள். கத்தரி பிடிக்கத் தெரிந்த எவரும் தரையில் நின்றே காய் பறித்துக்கொள்ளலாம். பின்பக்கம் நிற்கிற ஏழு மரங்கள் மட்டும் மிச்சம். அந்த ஏழும் பத்தொன்பது வருஷமாக இவர்கள் இரண்டு பேருடையது. அதாவது, மரம் முதலாளியுடையது. ஏறுகிறதும் இறக்குகிறதும் இவர்கள். இதையும் வெட்டிவிடப் போகிறேன் என்று முதலாளி ஒவ்வொரு வருஷமும் மிரட்டுவார். ஒவ்வொரு வருஷமும் ஏணி இறக்கிய காயில் ஒரு தழும்புகூட இருக்காது. முதலாளி வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்.

வேலை இப்படி நடக்கும். ஏணி ஒரு கிளைப் பிரிவில் உட்கார்ந்து கொக்கியை நீட்டுவார். நீளமான கழி, நுனியில் கத்தி, கத்திக்குக் கீழே வலைப்பை. நான்கு காய்க்கு மேல் வலையில் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் ஒன்றை ஒன்று இடிக்கும். வலையை இழுத்து, பழைய துணி விரித்த கூடையில் காயை எடுத்து வைத்து, கூடை நிறைந்ததும் கயிற்றில் இறக்குவார். கீழே மரத்தடியில் சாக்கு விரித்து அவள் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு காயையும் இரண்டு கையால் எடுத்து, காம்பை நறுக்கி, பால் வடியட்டும் என்று மரச்சட்டத்தில் தலைகீழாக வைப்பாள். காயின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு மாவு இருக்கும். அந்த மாவு கலையாமல் பெட்டிக்குள் போக வேண்டும். இத்தனையையும் செய்தபடி மேலே பார்த்துத் திட்டிக்கொண்டும் இருப்பாள். பத்தொன்பது வருஷம் அண்ணாந்து பார்த்ததில் அவளுக்கு நிரந்தரக் கழுத்துவலி.

அந்த வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. பிடுங்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தான் இல்லாமல் மரம் ஏறக்கூடாது, லாரி ஒருநாள் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்று புருஷனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அன்று தோப்பு அமைதியாக இருந்தது, பறவைகள் கத்துவது கேட்டது என்று பெட்டி அடுக்குகிறவர்கள் பிற்பாடு சொன்னார்கள். சாயங்காலம் வாயில் பஞ்சோடு திரும்பியவள் பெட்டிகள் எல்லாம் லாரி ஏறிவிட்டதைப் பார்த்தாள். பேச முடியாததால் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஏணி தலையாட்டினார். அவர் எப்போதுமே தலையாட்டுகிற ஆள்தான். கல்லுளிமங்கன் என்று அவளே பட்டம் கொடுத்திருந்தாள்.

ஆறாம் நாள் காலையில் லாரி திரும்பி வந்தது.

நீலக் கோடு போட்ட பெட்டிகளில் இரண்டு முழுக்கக் கறுத்துப்போயிருந்தன. நீலக் கோடு இவர்களுடைய அடையாளம். முதலாளி எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். தகரக் கூரை, நடுவில் நீளமான மேசை. காய் அடிபடாமல் இருக்க மேசை முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். அந்த மேசையில் நின்று காயைத் தரம் பிரிக்கிறவள் ஏணியின் தங்கச்சி, அதாவது காம்புக்காரியின் நாத்தனார். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் பதினோரு வருஷமாக அந்த மேசைதான் அவளுக்குச் சோறு போட்டது. முதலாளி அந்த மேசைமேலேயே நான்கு பழத்தை வெட்டிக் காட்டினார். நான்கும் உள்ளே கறுப்பு. சீசன் முடிந்ததும் ரம்பக்காரனை வரச்சொல்லிவிட்டதாகவும், இனி இந்தத் தோப்பில் உயரமான மரமே இருக்காது என்றும் சொன்னார்.

காம்புக்காரிக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் பஞ்சு போய் நான்கு நாள் ஆகியிருந்தது, சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. தங்கள் கையிலிருந்து காம்பில்லாத காய் ஒன்று, ஒன்றே ஒன்று, இறங்கியதாக எவனாவது காட்டட்டும், நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றாள். மரத்தில் அடிபடவில்லை என்றால் எங்கே அடிபட்டது? லாரியிலா? லாரியில் என்றால் எல்லாப் பெட்டியும் கறுக்க வேண்டுமே. அப்படியானால் எங்கே? அவள் விரல் நேராக மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் போய் நின்றது.

இரண்டு பேருக்கும் ஆகாது. ஆகாமல் போனதற்குக் காரணம் உப்புப் பெறாத விஷயம். எட்டு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் ஒரு குக்கர் வாஷரை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அதிலிருந்து ஒருத்தி போகிற தெருவில் இன்னொருத்தி போவதில்லை.

"காயை எடுத்து வைக்கிறவளுக்கும் கொட்டுறவளுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இவ பெட்டியை அப்படியே மேசையில கவுத்துறதை என் கண்ணால பார்த்திருக்கேன் முதலாளி. இரவல் வாங்கின வாஷரைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவ, ஊரான் காயைப் பத்திரமாவா வைப்பா?"

யாரோ சிரித்தார்கள். உண்மையில் அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பல வருஷத்துக்கு முன், அதுவும் வெறும் இலைக்குப்பை இருந்த பெட்டியை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கே அது காயாகத்தான் ஞாபகம் வந்தது. கொட்டகை மேஸ்திரிக்கு யார் தலையிலாவது பழி விழுந்தால் போதும், தன் தலை தப்பிக்கும். ஆமாம், நானும் பார்த்திருக்கிறேன் என்றான். இவன் ஒருநாளாவது மேசைப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் அல்லவா பார்ப்பதற்கு.

நாத்தனார் அண்ணனை ஒரு தடவை பார்த்தாள். ஏணி கதவோரம் இடித்த புளி மாதிரி நின்று தன் உள்ளங்கையில் இருந்த காய்ப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றார் முதலாளி. அவள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, ஸ்பாஞ்சு மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த மடிப்பைப் பார்க்க என்னவோபோல் இருந்தது என்று பெட்டி அடுக்குகிறவர்கள் பேசிக்கொண்டார்கள்.

காம்புக்காரி ஜெயித்துவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். உங்கள் தங்கச்சி என்று பார்த்தால் நம் மரம் போயிருக்கும், நியாயத்துக்குத் தங்கச்சி ஏது தம்பி ஏது என்றாள். ஏணி தலையாட்டினார்.

மறுநாள் அந்த இரண்டு பெட்டியையும் குப்பைக்குழியில் கொட்டிவிடச் சொல்லி மேஸ்திரி அவளிடம் தள்ளிவிட்டான். குழி ஏழாவது மரத்துக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம். கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். விதி யாரை விட்டது. நாத்தனார் கொட்டிய கொட்டு எந்த அளவுக்கு இருக்கிறது என்று தன் கண்ணாலேயே பார்த்து இன்னும் கொஞ்சம் திட்டலாம் என்று ஆசைப்பட்டு, இடுப்பிலிருந்த கத்தியால் ஒரு பழத்தை அறுத்தாள்.

மேசையில் இடிபட்ட காய் பக்கவாட்டில் கறுக்கும், தோலுக்கடியில் மட்டும் கறுக்கும். இது காம்பைச் சுற்றி, தோள்பட்டையில், கொட்டைவரைக்கும் கறுத்திருந்தது. இன்னொன்றை அறுத்தாள். அதுவும் அப்படியே. மாங்காய்க்குக் கனம் காம்புப் பக்கம். உயரத்திலிருந்து விழுந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் தரையில் மோதும். இது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆறாவது பழத்தை அறுக்கும்போது அவள் கை கொஞ்சம் மெதுவாகியிருந்தது. அப்போதுதான் பழத்தின் மேல்தோலைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. மாவு இல்லை. யாரோ தண்ணீரில் கழுவித் துடைத்திருக்கிறார்கள். காம்பு இருந்த இடம் அவள் நறுக்குவது போலச் சாய்வாக இல்லை, அடியோடு மொட்டையாக இருந்தது. அந்தக் காம்புக்குழியில் காய்ந்துபோன பாலில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

சாக்கு நார்.

கொட்டகையில் சாக்கு கிடையாது. மேசையில் ஸ்பாஞ்சு, பெட்டியில் காகிதம். தோப்பிலேயே சாக்கு விரிப்பது ஒரே இடத்தில்தான். அது அவள் தினமும் உட்காருகிற சாக்கு.

வீட்டுக்கு அவள் நடந்து போனாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது. ஏணி சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் இடது கையில் இருந்தது. ஒரு வாரமாகவே இடது கைதான். தலைகூட இடது கையால் வாரினார். என்ன, புதுசாக இடதுகைக்காரராக மாறிவிட்டீர்களா என்று அவளே கிண்டல்கூடச் செய்திருந்தாள். கண் இருந்தும் குருடி. அவள் அவர் முன்னால் போய் நின்று அந்த நாரை நீட்டினாள். வழக்கமாக அவள் வாயில் வருகிற 'ங்க' அன்று வரவில்லை.

"உலுக்கினியா?"

ஏணி டம்ளரைக் கீழே வைத்தார். இந்தத் தொழிலில் உலுக்குவது என்பது சாதாரண வார்த்தை இல்லை. கொக்கி பிடிக்கத் தெரியாதவன், சோம்பேறி, திருடன், இவர்கள் செய்கிற காரியம் அது. கிளைமேல் நின்று காலால் உதைத்து உலுக்கினால் காய் தானாக உதிரும். அவ்வளவுதான் வித்தை.

அவர் சொன்னார். விட்டுவிட்டுச் சொன்னார். வலது தோள்பட்டை போன வருஷமே பிசகிவிட்டது. கழியை நீட்டினால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை. அன்று மத்தியானத்துக்கு மேல் கை தூக்கவே முடியவில்லை. அன்றைய லாரிக்கு ஏழாவது மரத்தின் உச்சிக்கிளை மட்டும் பாக்கி, லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். சாக்கை நான்கு மடிப்பாக விரித்துவிட்டு உலுக்கிவிட்டார். விழுந்ததை வாய்க்காலில் பால் போகக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டார்.

"தனியா எடுத்து வச்சிருக்கலாமே. தோள்பட்டை போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நேத்து அத்தனை பேர் முன்னாடி உன் கூடப் பிறந்தவளை நான் கிழிகிழின்னு கிழிக்கிறேன், நீ பாட்டுக்குக் கையைச் சுரண்டிட்டு நிக்கிற. நீ மனுஷனா?"

"கொஞ்ச நாள் போனா முதலாளியே அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்குவாருன்னு நினைச்சேன்."

அவள் டம்ளரை எடுத்தாள். எறியத்தான் எடுத்தாள். எறியவில்லை. ஏன் சொல்லவில்லை, ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் வாய்க்குப் பயந்துதான்."

  கோபம் புருஷன்மேலா, தன்மேலேயா என்று பிரித்துப் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை. டம்ளரில் மிச்சமிருந்த டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, தேய்தேய் என்று தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

எட்டு வருஷமாகப் போகாத தெரு. நாத்தனார் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருந்தாள். கட்டில், அடுப்பு, ஜன்னலில் காயப்போட்ட இரண்டு துண்டு. கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காம்புக்காரி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் நுழையாது. அதற்குப் பதிலாகப் புருஷனைத் திட்டினாள், மேஸ்திரியைத் திட்டினாள், முதலாளியைத் திட்டினாள். மூச்சு வாங்கியபோதுதான், எதிரில் நிற்பவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை என்பதைக் கவனித்தாள்.

"அண்ணன் வாயாலயே சொல்லிட்டாரா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பளபளன்னு வந்துச்சு அண்ணி. மாவே இல்ல. காம்பு மொட்டையா இருந்துச்சு. பெட்டியில நீலக் கோடு. பதினோரு வருஷமா காய் தொடறேன், எனக்குத் தெரியாதா?"

தெரிந்தும் ஏன் கழித்துப் போடவில்லை என்று கேட்டாள் காம்புக்காரி. அதற்குத்தானே உன்னை அந்த மேசையில் நிற்க வைத்தார்கள் என்றாள். இப்போதும் அவள் குரல் உயரத்தான் செய்தது. கீழே சைக்கிள் கடைக்காரர் சுத்தியல் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"கழிச்சுப் போட்டா மறுநாள் காலையில முதல் வேலையா நீங்க வந்து கழிவுக்கூடையை எண்ணுவீங்க. அண்ணன் கதி என்ன ஆகறது? லேசான அடியா இருக்கும், தெரியாம போயிடும்னு நினைச்சு அனுப்பிட்டேன். தப்புதான்."

"சரி, நேத்தாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க எங்க அண்ணி பேச விட்டீங்க?"

சொல்லிவிட்டு நாத்தனார் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினாள். காம்புக்காரி படியில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பியை ஓங்கி ஒரு அடி அடித்தாள். கைதான் வலித்தது. அவருக்கும் பயம், இவளுக்கும் பயம். காயைப் பார்த்து ஒருத்தரும் பயப்படவில்லை, முதலாளியைப் பார்த்து ஒருத்தரும் பயப்படவில்லை. தன்னைப் பார்த்து, ஒரு பல்லுக்குப் பஸ் ஏறிப்போய் அழுதுவிட்டு வந்த தன்னைப் பார்த்து. நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

நேராகக் கொட்டகைக்குப் போனாள். முந்தின நாள் எந்த இடத்தில் நின்று எந்தக் குரலில் கத்தினாளோ, அதே இடத்தில் நின்று அதே குரலில் சொன்னாள். மறைவில் கூப்பிட்டு மெதுவாகச் சொல்வதெல்லாம் அவளுக்குத் தெரியாது. எல்லோர் முன்னாலும் பழி போட்டேன், எல்லோர் முன்னாலும்தான் எடுப்பேன் என்றாள். என் புருஷன் உலுக்கினார், கழுவினார், நான் பொய் பேசினேன், இந்த மேஸ்திரி அதற்கு ஒத்து ஊதினான். மேஸ்திரி ஏதோ சொல்ல வந்து, அவள் பார்த்த பார்வையில் மென்று விழுங்கிவிட்டான்.

முதலாளி நிதானமாகக் கேட்டார். பிறகு, அப்படியானால் மரத்தை வெட்டுவதுதான் சரி, நான் சொன்னதில் தப்பே இல்லை என்றார். இந்த மாதிரி ஆட்கள் எந்தப் பக்கம் விழுந்தாலும் தங்கள் பேச்சே சரி என்று எழுந்திருப்பார்கள். ஏணி அதற்குள் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றிருந்தார்.

"வெட்டறது அப்புறம். இன்னும் ரெண்டு மரத்துல காய் தொங்குது. அதை யாரு இறக்குவா? நீங்க ஏறப் போறீங்களா?" என்றாள் அவள். "நான் ஏறறேன். அஞ்சு நாள் பெட்டியை இங்கேயே வச்சிருங்க. ஒரு காய் கறுத்தாலும் ரம்பத்தை நானே தூக்கிட்டு வர்றேன். ஆனா என் நாத்தனார்தான் பிரிக்கணும். வேற ஒரு கை படக்கூடாது."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். நீயா என்று ஏணி மெதுவாகக் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மரம் ஏறினவள்தான். புகுந்த வீட்டில் பெண்கள் மேலே ஏறினால் பார்க்க நன்றாக இருக்காது என்று கீழே உட்கார வைத்தார்கள். இத்தனை வருஷம் கழித்து அதையும் இன்றைய கணக்கில் சேர்த்துக்கொண்டு கோபப்பட்டாள். முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தொங்குகிற காயை விட்டுவிட அவருக்கும் மனசு வரவில்லை.

அந்தப் பெட்டிகளை ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றுகூடக் கறுக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். இந்த வருஷம் மரம் இருக்கட்டும் என்று முதலாளி சொன்னதையும் சொல்லிவிடலாம். நாத்தனார் மேசைக்குத் திரும்பி வந்தாள். அண்ணியோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, அது அவள் பாடு. ஆனால் சொல்ல வேண்டியது இதெல்லாம் இல்லை. அவள் ஏறிய அன்று மத்தியானம் நடந்ததுதான்.

புருஷனுடைய பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்புக் கயிறு கட்டி, காலையிலேயே ஏறிவிட்டாள். ஏறுவது மறக்கவில்லை. கொக்கிதான் கொன்றது. நான்கு காய் விழுந்த வலையோடு கழியை நீட்டிப் பிடித்தால் தோள்பட்டை கழன்று வருகிறது. ஒரு மணி நேரத்தில் கை நடுங்கியது, இரண்டு மணி நேரத்தில் கழுத்திலிருந்து விரல்வரை தீயாக எரிந்தது. இதைத்தான் அந்த மனுஷன் பத்தொன்பது வருஷம் பிடித்திருக்கிறார். கீழேயிருந்து இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக என்று அவள் கத்தக் கத்தப் பிடித்திருக்கிறார். வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லாத அந்த ஆள்மேல் அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கீழே அவர் சாக்கில் உட்கார்ந்து, கூடை கூடையாக வாங்கி, இடது கையால் காம்பு நறுக்கித் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தார். பெட்டி எடுக்க வந்த நாத்தனார் தள்ளி நின்றாள். சோதனை என்பதால் மேஸ்திரியும் கண்கொத்திப் பாம்பாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம். ஒரு கொத்தை வெட்டும்போது கை நடுங்கிக் கத்தி நழுவியது. ஒரு காய் காம்பில்லாமல் பிய்ந்து, கீழ்க்கிளையில் மோதி, சாக்கில் விழுந்து உருண்டது.

ஏணி அதை எடுத்தார். மேஸ்திரி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருந்தான். வாய்க்கால் பத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் அவர் தலையின் உச்சியில் முடி கொட்டிய இடமும், கையில் அந்தக் காயும், காயிலிருந்து விரலில் வழிகிற பாலும் தெளிவாகத் தெரிந்தன. நாத்தனாரும் அண்ணன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். காம்புக்காரியின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துவிட்டது. நாக்கு நுனியில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன.

ஏணி அண்ணாந்து பார்த்தார். மேஸ்திரிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"இதுக்குக் காம்பு இல்ல."



"தனியா வைங்க," என்றாள் அவள்.

அவர் அந்தக் காயைக் கழிவுக்கூடையில் வைத்தார். அவள் கையை உதறிவிட்டு அடுத்த கொத்துக்குக் கொக்கியை நீட்டினாள்.